வாசகர் கேள்வி – பதில்: தகனமா, அடக்கமா, உடல்தானமா?

கேள்வி: அப்பா 84 வயதில் படுக்கையாக இருக்கிறார். பிள்ளைகள் இருவர் கனடாவில், ஒருவர் நோர்வேயில். ஏதும் நடந்தால் எத்தனை நாள் வைத்திருக்கலாம்? (மானிப்பாய் வாசகி)

பதில்: பிள்ளைகள் எந்த நாள் வந்து இறங்குவார்கள் என்பது தெரிந்த பிறகு மற்றதைப் பேசுங்கள். மலர்ச்சாலையில் (இறுதிச்சடங்கு ஏற்பாடு செய்யும் இடத்தில்) பெட்டிகளைத்தான் முதலில் காட்டுவார்கள்; பெட்டிக்கு அவசரமில்லை. அன்றே எடுப்பதென்றால் எம்பாம், அதாவது உடல் கெடாமல் மருந்தேற்றுவது, தேவையில்லை. ஓர் இரவு தாண்டுமென்றால் எங்களூர் வெக்கைக்குச் செய்விப்பதே நல்லது. மூன்று நான்கு நாளென்றால் அது இல்லாமல் சரிவராது.

கழுத்திலோ தொடையிலோ நாடியைத் திறந்து, ஃபோமலின் கலந்த திரவத்தை ஏற்றி, இரத்தத்தை வெளியே எடுப்பார்கள். பிந்தினால் இரத்தம் கட்டிபட்டு, திரவம் முகத்துக்கும் விரல் நுனிக்கும் போய்ச் சேராது. கறுப்பதும் அங்கேதான் தொடங்கும். மஞ்சட்காமாலை இருந்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். வழக்கமான ஃபோமலின் பித்த நிறமியைப் பச்சையாக்கிவிடும், முகம் பச்சை படர்ந்து நிற்கும். அதற்கு வேறு கலவை வேண்டும். பிரேத பரிசோதனை நடந்த உடலில் நாடிகள் வெட்டுப்பட்டிருப்பதால் பல இடங்களில் தனித்தனியே ஏற்ற வேண்டும். தையல் வழியே கசியும் என்பதால் வேட்டிக்குக் கீழே பஞ்சு வைக்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். வீட்டில் இறந்தால் முதலில் கிராம அலுவலருக்கு அறிவித்து, அவருடைய அறிக்கையோடு பதிவாளரிடம் போக வேண்டும். கிளினிக் கொப்பியைக் கையோடு வைத்திருங்கள். காரணம் தெளிவில்லை என்றால் விடயம் திடீர் மரண விசாரணை அதிகாரியிடம் போகும். அவர் பார்த்து முடிக்கும்வரை எம்பாம் செய்யக்கூடாது.

கேள்வி: விறகில் எரிப்பதா, எரிவாயுத் தகனமா? எரிவாயு என்றால் சுண்ணம் இடிக்க முடியாதாமே? (கோண்டாவில் வாசகர்)

பதில்: யார் சொன்னது? உரலில் சுண்ணம் இடிப்பதும், அப்போது பாடும் திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம் 20 பாட்டும், பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பதும் வீட்டு முற்றத்திலேயே முடிந்துவிடும். மயானத்தில் கொள்ளிக்குடம் உடைத்தபின், கொள்ளிக்குப் பதிலாக நெஞ்சில் கற்பூரம் கொளுத்தி உள்ளே தள்ளுவார்கள். மாறுவது அவ்வளவுதான்.

விறகென்றால் நன்றாகக் காய்ந்தது 400 முதல் 500 கிலோ வரை வேண்டும். கார்த்திகை, மார்கழி மழையில் இதுதான் தலையிடி. ஈரக்கட்டை புகையும், எரியாது. மண்ணெண்ணெயை ஊற்றினால் மேலே மட்டும் குப்பென்று எரிந்து அடங்கிவிடும். நெருக்கி அடுக்கினாலும் இதே கதைதான். அடியில் காற்றுப் போக இடைவெளி விடுங்கள். சாம்பல் அள்ள அடுத்த நாள் காலைவரை காத்திருக்க வேண்டும்.

எரிவாயுவில் ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்தில் முடிந்து, அன்றே சாம்பல் கிடைக்கும். வெளிநாட்டுக்காரருக்கு அது பெரிய வசதி. ஆனால் நேரத்தை முன்பே பதிய வேண்டும். பாரமான தேக்குப் பெட்டி, பித்தளைப் பிடி, கண்ணாடி மூடி எதுவும் வேண்டாம். உலை வாசலின் அளவைக் கேட்டறிந்தே பெட்டி எடுங்கள். எந்த முறையானாலும் நெஞ்சில் பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) இருந்தால் எரிக்குமுன் எடுத்துவிட வேண்டும், சூட்டில் வெடிக்கும்.

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கர். அம்மா தன்னை எரிக்கச் சொல்கிறார். திருச்சபை விடுமா? (குருநகர் வாசகி)

பதில்: 1963 முதல் அனுமதி உண்டு, அடக்கத்தையே திருச்சபை விரும்பினாலும். பூசையைப் பூதவுடலோடு ஒப்புக்கொடுத்துவிட்டுத் தகனத்துக்குக் கொண்டு போகலாம். சாம்பலைக் கடலில் கரைக்கவோ வீட்டில் வைக்கவோ கூடாதென்று 2016இல் வத்திக்கான் அறிவுறுத்தியது. ஆகவே சேமக்காலையில் (கிறிஸ்தவ மயானத்தில்) இடம் வேண்டும். பங்குத்தந்தையிடம் அதைக் கேளுங்கள்.

கேள்வி: உடலை மருத்துவ பீடத்துக்குக் கொடுத்தால் அந்தியேட்டி செய்யலாமா? (ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், உடுப்பிட்டி)

பதில்: செய்யலாம். உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையால் உருச்செய்து தகனக் கிரியை செய்யும் வழக்கம் சைவத்தில் உண்டு. அதன்படி செய்து, 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கீரிமலைத் தீர்த்தக்கரைக்குப் போகலாம். எல்லாக் குருக்கள்மாரும் உடன்பட மாட்டார்கள் என்பதால் உங்கள் குருக்களிடம் இப்போதே பேசி வையுங்கள். யாழ் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் உடற்கூற்றியல் துறையில் சம்மதப் பத்திரத்தை நிரப்பிக் கொடுத்து, பிள்ளைகளுக்கும் சொல்லி வைக்க வேண்டும். அவர்கள் மறுத்தால் பத்திரம் அலுமாரிக்குள்ளேயே கிடக்கும். வெளியில் எம்பாம் செய்த உடலையும், பிரேத பரிசோதனை நடந்த உடலையும் பொதுவாக ஏற்பதில்லை. எனவே மலர்ச்சாலைக்கு அறிவிக்குமுன் துறைக்குத் தொலைபேசி எடுக்கச் சொல்லுங்கள்.