பல மாதம் கரையில் கிடந்த படகு என்ஜின் ஏன் திக்கித் திக்கி ஓடுகிறது?

காபரேற்றர் என்பது எரிபொருளையும் காற்றையும் உரிய அளவில் கலந்து என்ஜினுக்குள் அனுப்பும் சிறு கருவியாகும். வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிப்பதால் மட்டக்களப்பில் பல வள்ளங்கள் கரையேற்றப்பட்டிருக்கும். அந்நாட்களில் காபரேற்றரின் கிண்ணத்தில் எஞ்சிய பெற்றோல் மெல்ல ஆவியாகி, பிசின் போன்ற படிவை விட்டுச்செல்வதால், அதன் நுண்ணிய துவாரங்கள் அடைபடுகின்றன. இடியப்ப உரலின் கண்களில் மா காய்ந்திருந்தால், எவ்வளவு அழுத்தினாலும் இழை ஒழுங்காக விழாததைப் போன்றதே இது. குறைந்த வேகத்துக்கான துவாரமே மிகச் சிறியது என்பதால், வேகமாக ஓடும்போது குறை தெரியாத என்ஜின், வேகத்தைக் குறைத்தவுடன் நின்றுவிடும்.

காபரேற்றரைக் கழற்றி, அதற்கென விற்கப்படும் திரவத்தால் கழுவி, துவாரங்களுக்குள் காற்றடிக்க வேண்டும். கம்பியால் குத்தினால் துவாரம் பெரிதாகி, கலவையின் அளவே கெட்டுவிடும் (அவசரத்தில் பலரும் செய்வது இதைத்தான்). தாங்கியிலுள்ள பழைய எரிபொருளையும் அகற்றிவிடுங்கள். மண்ணெண்ணெயில் ஓடும் என்ஜினாயின், நிறுத்துவதற்குச் சற்று முன்னர் பெற்றோலுக்கு மாற்றி ஓடவிட்டால், அடுத்த முறை இலகுவாக இயங்கும்.

எரிபொருளுடன் என்ஜின் எண்ணெயையும் கலந்து ஓட்டும் டூ ஸ்ட்ரோக் என்ஜினில், அந்த எண்ணெயைக் கூடுதலாகக் கலந்தால் ஓட்டம் சீராகும் என்று பலர் நம்புவது தவறு. அது எரிபொருளைப் பற்றவைக்கும் பிளக்கில் கரியைப் படியச்செய்து, திக்கலை இன்னும் கூட்டும்.