தெர்மாகோலைத் தாண்டிய உயிரியல்

கேள்வி: மேல்நிலை வகுப்பில் உயிரியல் செயல்திட்டம் என்றாலே மாணவர்கள் தெர்மாகோலில் செல் மாதிரி செய்து வந்துவிடுகிறார்கள். படைப்பாற்றலைத் தூண்டும் திட்டங்கள் எவை? – ஓர் ஆசிரியை

பதில்: மாதிரி செய்வதில் தவறில்லை, அது எந்தக் கேள்விக்கும் விடை தேடாமல் அலமாரியில் தூசி படிவதுதான் குறை. 1972இல் அறிவியலாளர்கள் சிங்கரும் நிக்கல்சனும் முன்வைத்த பாய்மத் திட்டு மாதிரி, செல்லைச் சூழ்ந்த மெல்லிய சவ்வை, கொழுப்புப் படலத்தில் புரதங்கள் மிதக்க அசைந்துகொண்டே இருக்கும் ஒன்றாகக் காட்டுகிறது. அந்தப் புரதங்களாகக் களிமண் உருண்டைகளை வைத்துச் சிறிது சிறிதாக நகர்த்திக் கைபேசியில் படமெடுத்து அதை அசைபடமாக்கச் சொன்னால், எந்தப் புரதம் எப்படி நகரும் என்று மாணவர்களே பாடநூலைப் புரட்டத் தொடங்குவார்கள்.

ஆயினும் என் முதல் தேர்வு, இலையில் காற்றும் நீராவியும் சென்றுவரும் நுண்ணிய இலைத்துளைகள்தான். இலையின் அடிப்பரப்பில் நிறமற்ற நகப்பூச்சை மெல்லியதாகத் தடவி, நன்கு உலர்ந்தபின் ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாவால் உரித்துக் கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, 400 மடங்கு உருப்பெருக்கத்தில் பார்த்தால் துளையைச் சூழ்ந்திருக்கும் காப்புச் செல்களின் அச்சு தெளிவாகத் தெரியும். பெரும்பாலான இருவித்திலைத் தாவரங்களில் இலைத்துளைகள் அடிப்புறத்தில் மிகுதி. நீரில் மிதக்கும் அல்லி இலையிலோ அவை மேற்புறத்தில் இருக்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். ஒரே செடியின் வெயில் இலையையும் நிழல் இலையையும் ஒப்பிட்டு எண்ணட்டும். முடிவை வரைபடமாகவோ சித்திரக்கதையாகவோ தருவது அவர்கள் விருப்பம். மதிப்பெண்ணில் பெரும்பகுதியைக் குறிப்பேட்டுக்கே ஒதுக்குங்கள். அலங்காரம் பல நேரங்களில் வீட்டுப் பெரியவர்களின் கைவேலை.