பாண்ட், யீல்டுன்னு கேட்டாலே பயப்படுற பி.காம் பொண்ணோட அம்மாவுக்கு

அக்கா, பொண்ணு பி.காம் கடைசி வருஷம், பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், சென்னைல ஒரு ஃபண்ட் அக்கவுண்டிங் கம்பெனி (மியூச்சுவல் ஃபண்ட் மாதிரி ஃபண்டுங்களோட கணக்கு பாக்குறது) இண்டர்வியூல யீல்டுன்னா என்ன கூப்பன்னா என்னன்னு கேட்டதுக்கு பதிலே வராம திரும்பிட்டா, இனிமே இந்த பக்கமே போக மாட்டேன்னு அழுறான்னு எழுதியிருந்தீங்க. ஸ்போக்கன் இங்கிலீஷ் கோர்ஸுக்கு 40 ஆயிரம் கட்டலாமான்னும் கேட்டிருந்தீங்க. இப்போதைக்கு கட்டாதீங்க. அந்த கிளாஸ்ல யாரும் யீல்டு பத்தி பேசப் போறதில்ல. ஆரம்ப வேலைக்கு அடிக்கடி புழங்குற வார்த்தை ஒரு இருபது இருபத்தஞ்சு தான் வரும், அதுல பாதிக்கு பின்னாடி இருக்கிற கணக்கு வட்டிக் கணக்கு தான், அது அவளுக்கு ஸ்கூல்லயே தெரியும். அதனால கணக்கை முதல்ல தமிழ்ல புரிய வைங்க, வார்த்தை அது மேல தானா ஒட்டிக்கும்.

நான் பசங்களுக்கு முதல்ல காட்டுறது ஒரு பாண்டோட பேரை தான். 7.10% ஜிஎஸ் 2034ன்னு ஒண்ணு இருக்கு, மத்திய அரசு வாங்குன கடன். ஜிஎஸ்னா கவர்ன்மென்ட் செக்யூரிட்டி. கடன் வாங்குன அரசாங்கம் தான் இஷ்யூவர். 7.10% தான் கூப்பன், அதாவது பாண்டுல எழுதியிருக்கிற 100 ரூபாவுக்கு, அது தான் ஃபேஸ் வேல்யூ, வருஷத்துக்கு 7 ரூபா 10 காசு வட்டி, அதை ஆறு மாசத்துக்கு ஒரு தடவை 3 ரூபா 55 காசா பிரிச்சு தருவாங்க. 2034 மெச்சூரிட்டி, அந்த வருஷம் 100 ரூபாவை திருப்பி குடுத்துருவாங்க. பாருங்க, ஒரே ஒரு பேருல அஞ்சு வார்த்தை முடிஞ்சிடுச்சு. நம்ம ஊர்ல பத்திரம்னா உடனே வீட்டுப் பத்திரம் தான் ஞாபகம் வரும், இது கடன் பத்திரம்னு மட்டும் அவகிட்ட சொல்லிடுங்க.

அடுத்தது யீல்டு, இங்க தான் எல்லாரும் தடுமாறுறாங்க, கொஞ்சம் நிதானமா போகணும். கூப்பன் மாறவே மாறாது, ஆனா பாண்டை நடுவுல ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தர் வாங்கும்போது விலை மாறும், அந்த விலைக்கு வாங்குனவருக்கு உண்மையில எத்தனை சதவீதம் கிடைக்குதோ அது தான் யீல்டு. வட்டி ஏறினா பாண்ட் விலை என்ன ஆகும்னு இண்டர்வியூல ரொம்ப அடிக்கடி கேப்பாங்க. இறங்கும்னு ஒத்த வார்த்தைல சொன்னா பத்தாது, ஏன்னு சொல்லணும். உங்ககிட்ட 7% பாண்ட் இருக்கு, இன்னைக்கு புதுசா 8% பாண்ட் வருதுன்னு வைங்க, உங்களோடதை யாரு 100 ரூபா குடுத்து வாங்குவாங்க? குறைச்சு தான் கேப்பாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை வட்டின்னு வச்சா, முடிய ஒரு வருஷம் தான் இருக்குன்னா 99 ரூபா 7 காசு, பத்து வருஷம் இருக்குன்னா 93 ரூபா 29 காசு. அதே ஒரு சதவீதம் தான் ஏறிச்சு, ஆனா நீண்ட பாண்டுக்கு அடி ஜாஸ்தி. இதை அவ பேப்பர்ல ஒரு தடவை கால்குலேட்டர் வச்சு போட்டுப் பாத்துட்டான்னா டிஸ்கவுண்ட் (100க்கு கீழ விக்கிறது), பிரீமியம் (100க்கு மேல விக்கிறது), இண்டரெஸ்ட் ரேட் ரிஸ்க் (வட்டி மாறுறதால விலை இறங்குற ஆபத்து) எல்லாம் சேந்தே புரிஞ்சிடும், இண்டர்வியூ பண்றவரும் நிமிந்து உக்காருவார்.

ஃபண்ட் அக்கவுண்டிங் வேலைக்குன்னா அக்ரூட் இண்டரெஸ்ட், அதாவது சேந்து நிக்கிற ஆனா இன்னும் கைக்கு வராத வட்டி, கட்டாயம் தெரியணும், தினமும் அது தான் பொழப்பு. மேல சொன்ன அதே பாண்டை, கடைசியா வட்டி குடுத்து 60 நாள் கழிச்சு 98 ரூபாவுக்கு ஒருத்தர் விக்கிறார். அந்த 60 நாள் வட்டி வித்தவருக்கு சேர வேண்டியது. அரசு பாண்டுக்கு மாசம் 30 நாள், வருஷம் 360 நாள்னு கணக்கு, ஆக 7.10ஐ 60ஆல பெருக்கி 360ஆல வகுத்தா 1 ரூபா 18 காசு. வட்டி சேக்காத 98 கிளீன் பிரைஸ், அதோட இதை சேத்து வாங்குறவர் குடுக்குற 99.18 டர்ட்டி பிரைஸ். டிரெஷரி பில்னா அரசாங்கம் குறுகிய காலத்துக்கு வாங்குற கடன், அதுக்கு கூப்பனே கிடையாது, 91, 182, 364 நாளுக்கு 100க்கு கம்மியா வித்து முடிவுல 100 குடுப்பாங்க, அங்க 365 நாள் கணக்கு.

பேசிஸ் பாயிண்ட் சுலபம், ஒரு சதவீதத்துல நூத்துல ஒரு பங்கு. 2025 ஜூன்ல ரிசர்வ் பேங்க் ரெப்போவை (பேங்குகளுக்கு அவங்க கடன் குடுக்குற வட்டியை) 50 பேசிஸ் பாயிண்ட் குறைச்சாங்கன்னா 6ல இருந்து 5.50க்கு வந்துச்சுன்னு அர்த்தம்.

ரேட்டிங்கை, அதாவது கடனை ஒழுங்கா திருப்பி குடுப்பாங்களான்னு ஏஜென்சி போடுற மார்க்கை, மட்டும் மனப்பாடம் பண்ண விடாதீங்க. டிரிபிள் ஏ (AAA) இருந்தா ரொம்ப பாதுகாப்பு, டி (D) இருந்தா டிஃபால்ட், பணம் குடுக்க வேண்டிய நாள்ல குடுக்கலைன்னு புக்குல இருக்கும். ஆனா ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். கம்பெனி 2018ல டிரிபிள் ஏல இருந்து சில வாரத்துலயே டிக்கு வந்துடுச்சு, அதுல பணம் போட்டிருந்த மியூச்சுவல் ஃபண்டெல்லாம் அடி வாங்குச்சு. ரேட்டிங்னா ஒரு ஏஜென்சியோட கருத்து, கேரண்டி கிடையாதுன்னு அவ சொந்தமா சொல்லணும், இந்த உதாரணத்தோட.

இப்ப என்ன செய்யணும்னா, சிசிஐஎல் (CCIL, அரசு பாண்ட் வியாபாரத்தை முடிச்சுக் குடுக்குற நிறுவனம்) வெப்சைட்ல அரசு பாண்ட் வியாபாரம் ஆகுற விலை எல்லாம் சும்மாவே பாக்கலாம், தினமும் சாயங்காலம் அதுல ஒரே ஒரு பாண்டை எடுத்து பேரு, விலை, யீல்டு மூணையும் நோட்ல எழுதி, நேத்தைக்கு இன்னைக்கு என்ன மாறுச்சுன்னு முதல்ல தமிழ்ல உங்ககிட்ட சொல்லட்டும், அப்புறம் அதையே சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியமா வாய் விட்டு சொல்லட்டும். தப்பா சொன்னா நடுவுல திருத்தாதீங்க அக்கா, முடிக்க விடுங்க. ஒரு மாசம் இப்படி போனதும் என்ஐஎஸ்எம்ல (NISM, பங்குச் சந்தை, ஃபண்ட் வேலைக்கு எக்ஸாம் நடத்துற நிறுவனம்) ஃபைவ் ஏ (V-A) எக்ஸாம் எழுத வைங்க, மியூச்சுவல் ஃபண்ட் டிஸ்ட்ரிபியூட்டருக்கானது, 100 கேள்வி, 2 மணி நேரம், 50 மார்க் எடுத்தா பாஸ், நெகட்டிவ் மார்க் இல்ல, சர்டிஃபிகேட் 3 வருஷம் செல்லும். படிக்க வேண்டிய புக்கை அவங்களே குடுக்குறாங்க. பேங்க் எக்ஸாமுக்கும் கூடவே படிக்கட்டும், அதுல வர்ற பேங்கிங் பகுதிக்கும் இதே வார்த்தைங்க தான் வரும், படிச்சது எதுவும் வீணாகாது. அடுத்த இண்டர்வியூ தேதி தெரிஞ்சதும் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க, அவளையே போன்ல பேச சொல்லுங்க, அந்த 93 ரூபா 29 காசு கணக்கை நான் அவகிட்ட இங்கிலீஷ்ல கேக்குறேன்.