கிரேப் பிரியருக்குச் சர்க்கரை வந்தால்

கேள்வி: என் கணவருக்குச் சர்க்கரை நோய். கிரேப் (மெல்லிய தோசை மாதிரியான பிரெஞ்சுப் பண்டம்) என்றால் உயிர். மைதா இல்லாமல், காரமாகவும் இனிப்பாகவும் செய்து தர வழி உண்டா?
– ஒரு வாசகி

பதில்: தாராளமாக. பக்வீட் மாவு வாங்குங்கள்; பெயரில் 'வீட்' இருந்தாலும் இது கோதுமை அல்ல. பிரான்சின் பிரிட்டனி பகுதியில் உப்புக் கிரேப்புக்கு இந்த மாவுதான். 100 கிராம் மாவு, 1 முட்டை, சிட்டிகை உப்பு, ஏறக்குறைய 300 மில்லி தண்ணீர். கட்டியில்லாமல் கரைத்து அரை மணி நேரம் ஊற விடுங்கள். மெல்லிசாக ஊற்றினால் 6 வரும்; ஒன்றில் சுமார் 12 கிராம் மாவுச்சத்து. அதனால் இரண்டோடு நிறுத்திவிடுங்கள், அவர் முகம் வாடினாலும் சரி.

உள்ளே வைக்க எனக்குப் பிடித்தது காளான்தான். வெங்காயம், கீரையோடு சேர்த்து, நீர் முழுக்க வற்றும்வரை வதக்குங்கள். இல்லாவிட்டால் கிரேப் நனைந்து கிழியும். மேலே ஒரு முட்டையோ கொஞ்சம் சீஸோ போடலாம். புரதமும் கொழுப்பும் இருந்தால் சர்க்கரை மெதுவாக ஏறும்.

இனிப்புக்கு, சர்க்கரை சேர்க்காத கெட்டித் தயிர், பட்டைத்தூள், நறுக்கிய ஸ்ட்ராபெர்ரி, பொடித்த வால்நட். தேன் வேண்டாம். 'இயற்கை' என்பார்கள், அதுவும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். 'சுகர் ஃப்ரீ' ஜாமிலும் மாவுச்சத்து இருக்கலாம், லேபிளைப் படியுங்கள். வாழைப்பழமும் சாக்லேட் சாஸும் கேட்டுக் கெஞ்சுவார். காது கேட்காத மாதிரி இருந்துவிடுங்கள்.

முதல் தடவை, சாப்பிட ஆரம்பித்து 2 மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டரில் பாருங்கள். இன்சுலின் போடுகிறார் என்றால், இந்த மாவுச்சத்துக் கணக்கை மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.