கோலாலம்பூரில் வளர்ந்த ஒருவர் அன்னபூர்ணா சுற்றுப்பாதைக்கு எந்த உடைகளையும் எப்படிப்பட்ட உறக்கப்பையையும் வாங்க வேண்டும்?

வரும் நவம்பரில் நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதையை இரண்டு வாரங்களில் நடந்து முடிக்கப்போவதாகவும், குளிர் பழக்கமில்லாத நீங்கள் கையிலுள்ள பணத்தை நல்ல மேலங்கியில் போடுவதா உறக்கப்பையில் போடுவதா என்று குழம்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதே பாதையை அதே மாதத்தில் என் தங்கையோடு நடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உறக்கப்பையில் போடுங்கள். பகலில் குளிர்ந்தால் வேகமாக நடக்கலாம், விடுதியின் அடுப்பருகே உட்காரலாம். கணப்பு இல்லாத பலகைச் சுவர் அறையில் நள்ளிரவில் நடுங்கத் தொடங்கினால் விடியும்வரை அந்த நடுக்கத்தோடுதான் கிடக்க வேண்டும்.

ஐ.எஸ்.ஓ 23537 என்ற பன்னாட்டுத் தரப்படி சோதிக்கப்பட்ட உறக்கப்பைகளில் மூன்று வெப்பநிலைகள் அச்சிடப்பட்டிருக்கும். 'கம்ஃபர்ட்' என்பது சராசரிப் பெண் ஒருவர் குளிர் உணராமல் இயல்பாக உறங்கக்கூடிய அளவு. 'லிமிட்' என்பது சராசரி ஆண் ஒருவர் உடலைச் சுருட்டிக்கொண்டு எப்படியோ சமாளிக்கும் எல்லை. 'எக்ஸ்ட்ரீம்' என்பதோ உறக்கத்துக்கான எண்ணே அன்று, உயிர் தப்புவதற்கான எண். கடைகளில் பெரும்பாலும் இந்தப் பிந்தைய இரண்டு எண்களில் ஒன்றைத்தான் பெரிதாகக் காட்டுவார்கள். 30 டிகிரி வெயிலில் வாழ்ந்து பழகிய நாம், ஆணாயினும் பெண்ணாயினும், 'கம்ஃபர்ட்' எண்ணை மட்டுமே பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்தப் பாதையின் மிக உயர்ந்த இடமான தொரோங் கணவாயின் உயரம் 5,416 மீட்டர். அதைக் கடப்பதற்கு முந்தைய இரவில் வெளியே மைனஸ் 10 டிகிரிக்கும் கீழே போகக்கூடும். ஆகவே மைனஸ் 10 டிகிரி 'கம்ஃபர்ட்' உள்ள 'டவுன்' எனப்படும் பறவை மென்சிறகு அடைத்த பை ஒன்றை எடுத்து, விடுதியில் தரும் ரஜாய் என்ற தடித்த போர்வையை அதன்மேல் போர்த்திக்கொண்டால் போதும். விடுதிக் கட்டில்களில் மெத்தை இருப்பதால் தரைவிரிப்பு உங்களுக்குத் தேவையில்லை. விலை கட்டுப்படியாகாவிட்டால் காட்மாண்டுவின் தமேல் பகுதியில் வாடகைக்கும் கிடைக்கிறது. ஆனால் உதறி விரித்த சில நிமிடங்களில் உப்பி எழாத பையை வாங்காதீர்கள்.

அந்த உப்பலில்தான் எல்லாமே இருக்கிறது. மென்சிறகு தானாகச் சூடு தருவதில்லை. சிறகுகளுக்கிடையே அடைபட்ட காற்றுதான் உடலின் சூட்டை வெளியேறாமல் காக்கிறது. சிறகு நனைந்தால் ஒட்டிச் சுருங்குகிறது, காற்றுக்கு இடமில்லாமல் போகிறது. கணவாய்க்கு முன்னால் வரும் மனாங் என்ற ஊரில் முதல் இரவு மூக்கு விறைக்கிறதே என்று நான் தலையைப் பைக்குள் இழுத்துக்கொண்டு தூங்கினேன். காலையில் பார்த்தபோது கழுத்துப் பட்டையை ஒட்டி உள்ளங்கை அகலத்துக்குச் சிறகு கட்டிதட்டி, பிழிந்த பஞ்சுபோல் கிடந்தது. இரவு முழுவதும் நான் விட்ட மூச்சின் ஈரம் அது. அன்று பகல் முழுவதும் கல்சுவரின்மேல் வெயிலில் விரித்துப் போட்ட பிறகே அது பழைய நிலைக்கு வந்தது. மூக்கையும் வாயையும் வெளியே விட்டுக் குல்லாய் அணிந்து உறங்குங்கள். வெந்நீர் நிரப்பிய போத்தலைக் கால்மாட்டில் வையுங்கள். கைப்பேசியையும், தண்ணீர் வடிகட்டி வைத்திருந்தால் அதையும் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் உள்ளே நீர் உறைந்தால் வடிகட்டியின் நுண்குழாய்கள் வெடித்துவிடும்.

உடைகளிலும் குளிரைவிட ஈரத்தைப் பற்றியே அதிகம் கவலைப்படுங்கள். நம் ஊரிலிருந்து போகிறவர்கள் காலையில் கிடைத்ததையெல்லாம் போட்டுக்கொண்டு ஏறத் தொடங்கி, அரை மணி நேரத்தில் உள்ளே வியர்த்து நனைந்து, ஓய்வுக்காக நின்ற இடத்தில் அந்த வியர்வையாலேயே விறைத்துப்போகிறார்கள். நடக்கத் தொடங்கும்போது சற்றுக் குளிர வேண்டும். அதுவே சரியான அளவு. உடலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர் பனியன், அதன்மேல் ஃபிளீஸ் என்ற மென்மையான செயற்கை இழைச் சட்டை, காற்றுக்கும் மழைக்கும் மெல்லிய மழைச்சட்டை, இவற்றோடு நிற்கும்போது மட்டும் போட்டுக்கொள்ள ஒரு மென்சிறகுச் சட்டை என்று அடுக்கிக்கொள்ளுங்கள். பருத்தி உடையை, உள்ளாடை உட்பட, வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஃபிளீஸுக்கும் கம்பளிக்கும் புதுக்கடை ஏற வேண்டியதில்லை. கோலாலம்பூரில் பழைய உடைகள் விற்கும் பண்டல் கடைகளில் துணியின் சீட்டைப் பொறுமையாகப் படித்துத் தேடினால் 30 ரிங்கிட்டுக்குள் தரமானவை அகப்படும். கணவாயை நோக்கி இருட்டிலேயே புறப்படும் அந்த ஒரு காலைக்காக மட்டும் மெல்லிய கையுறையின்மேல் மாட்டக்கூடிய தடித்த கையுறை வேண்டும்.

ஏற்கெனவே அலமாரியில் இருப்பவற்றை நம்பிப் புறப்படுமுன் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் மூன்று ஆண்டுகள் மடித்து வைத்திருந்த, இரண்டே முறை அணிந்த மழைச்சட்டையை விரித்தபோது, உட்பூச்சு பிசுபிசுவென்று விரலில் ஒட்டி, செதில் செதிலாக உதிர்ந்தது. காற்றின் ஈரமும் வெப்பமும் சேர்ந்து பாலியூரித்தேன் பூச்சைச் சிறுகச் சிறுகச் சிதைத்துவிடுகின்றன. மலையேற்றக் காலணிகளின் நடு அடுக்கும் பல வேளைகளில் அதே பொருள்தான். வெளியே புதிதுபோல் பளபளத்தாலும் மூன்றாம் நாள் நடையில் அடிப்பகுதி கழன்று விழலாம். ஆகவே பழைய காலணியோடு ஓரிரு மாதங்களுக்கு முன்பிருந்தே கோலாலம்பூருக்கு அருகிலுள்ள புரோகா மலையில் வார இறுதிதோறும் ஏறி இறங்குங்கள். உறக்கப்பையையும் சிறிய உறையில் அமுக்கி வைக்காமல், உலர்ந்த அறையில் தளர்வாகத் தொங்கவிடுங்கள்.

கணவாயைக் கடந்து இறங்கினால் வருவது முக்திநாத். வைணவர்கள் 108 திவ்விய தேசங்களுள் ஒன்றாகப் போற்றும் அந்தத் தலத்தில், 108 நீர்த்தாரைகளின் கீழும் நனைந்து செல்வது வழக்கம். என் தங்கை ஒன்றைக்கூட விடாமல் நனைந்தாள். பனியுருகிய நீர் அது. கடைசித் தாரையிலிருந்து வெளியே வந்தபோது அவளால் தன் சட்டைப் பொத்தானைக் கழற்ற முடியவில்லை. நீங்களும் நீராட நினைத்தால், ஒரு துண்டையும் உள்ளாடை முதல் காலுறை வரை உலர்ந்த ஒரு முழு மாற்றுடையையும் நெகிழிப் பையில் கட்டி, முதுகுப்பையின் அடியில் புதைக்காமல் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள்.