ஆளுநர் நாற்காலி காலியானால்...

கேள்வி: அமெரிக்க மாநில ஆளுநர் இடையில் விலகினால் உடனே தேர்தல் வருமா?

பதில்: பெரும்பாலும் வராது. பெரும்பாலான மாநிலங்களில் துணை ஆளுநர் பதவியேற்று மீதிக் காலத்தை முடிப்பார். ஓரிகனில் துணை ஆளுநர் பதவியே இல்லை. 2015-இல் ஜான் கிட்சாபர் விலகியதும் மாநிலச் செயலாளர் கேட் பிரவுன் ஆளுநரானார். ஆனால் எஞ்சிய காலத்துக்கு 2016-இல் மக்களிடம் வாக்குக் கேட்க வேண்டியிருந்தது. மெய்ன் மாநிலத்தில் மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையான செனட்டின் தலைவர் ஆளுநராக வருவார்.

நியூஜெர்சியில் முன்பு சிக்கல் பெரிதாக இருந்தது. 2004-இல் ஆளுநர் மெக்ரீவி விலகியபோது, செனட் தலைவர் ரிச்சர்ட் கோடி அந்தப் பதவியிலிருந்தபடியே ஆளுநர் பொறுப்பையும் வகித்தார். சட்டம் இயற்றுவதும் அதில் கையெழுத்திடுவதும் ஒருவரிடமே குவிவது தவறு. 2005-இல் வாக்காளர்கள் துணை ஆளுநர் பதவிக்கு ஒப்புதல் தந்தனர்.

தற்காலிக இயலாமை வேறு: கலிபோர்னியாவில் ஆளுநர் மாநில எல்லையைத் தாண்டினாலே துணை ஆளுநர் பொறுப்பேற்பார்.