எட்டு மாத அதிபர்

அன்புள்ள ஐயா,

பெரு நாட்டைப் பற்றிய உங்கள் கட்டுரையில் இடைக்கால அதிபர் வலென்டின் பனியாகுவாவைப் பெரிதும் பாராட்டியிருந்தீர்கள். அவர் மக்களிடம் வாக்குக் கேட்டு வந்தவர் இல்லையே? காலியான நாற்காலியில் நாடாளுமன்றம் உட்காரவைத்த ஆள். எட்டே மாதம். தேர்தலை நடத்திச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதுதானே முறை? பெரிய விஷயங்களில் கையெழுத்துப் போட அவருக்கு என்ன உரிமை? 2020இல் இதே போல வந்த மெரினோவை ஐந்தே நாளில் மக்கள் விரட்டினார்கள். இருவருக்கும் அப்படி என்ன வித்தியாசம்?

ஒரு வாசகர், தேனி

அன்புள்ள நண்பருக்கு,

இடைக்காலத்தில் வந்தவர் நாட்டின் போக்கையே மாற்றிவிடக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 2000 நவம்பரில் 'தேர்தலை நடத்திவிட்டுப் போவது' அங்கே சின்ன வேலையாக இல்லை. அந்தச் செப்டம்பரில்தான் ஒரு வீடியோ தொலைக்காட்சியில் வந்திருந்தது. உளவுத்துறையை ஆட்டிவைத்த மொன்தேசினோஸ், எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரிடம் 15,000 டாலரைக் கொடுக்கிறார். கட்சி மாறுவதற்கான விலை அது. நீதிபதிகள், தொலைக்காட்சி முதலாளிகள் என்று அவர் விலை பேசியவர்களின் வீடியோக்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. அதிபர் ஃபுஜிமோரி புருனே மாநாட்டுக்குப் போனவர், அப்படியே டோக்கியோ போய் அங்கிருந்து ஃபேக்ஸில் ராஜினாமா அனுப்பினார். நாடாளுமன்றம் அதை ஏற்காமல், 'நிரந்தரத் தார்மிகத் தகுதியின்மை' என்று சொல்லிப் பதவியைப் பறித்தது. துணை அதிபர்கள் இருவரும் ஏற்கெனவே விலகிவிட்டார்கள். சில நாள் முன்புதான் நாடாளுமன்றத் தலைவராகியிருந்த பனியாகுவா நவம்பர் 22 அன்று பதவியேற்றார். 120 இடங்களில் அவர் கட்சிக்கு இருந்தவை மூன்று.

உரிமை பற்றிக் கேட்டீர்கள். அந்த ஆண்டு மே மாதத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் தலைநகர் லிமாவின் பெரிய சதுக்கத்தில் ஜனங்கள் பிளாஸ்டிக் தொட்டிகளோடு கூடினார்கள். தண்ணீர், சோப்பு, சிவப்பும் வெள்ளையுமான தேசியக் கொடி. கொடியைக் கசக்கித் துவைத்து, பிழிந்து, அதிபர் மாளிகை இருக்கும் அதே சதுக்கத்தில் கயிறு கட்டிக் காயப்போட்டார்கள். படிந்த அழுக்கு போகட்டும் என்று மாதக்கணக்கில் துவைத்தார்கள். பனியாகுவா வந்த பிறகுதான் அது நின்றது. அவருக்கு என்ன உரிமை என்று கேட்டால் நான் அந்த ஈரக் கொடிகளைத்தான் காட்டுவேன்.

மெரினோவும் பனியாகுவாவின் கட்சிக்காரர்தான். 2020 நவம்பர் 9 அன்று அப்போதைய அதிபர் விஸ்காராவை நாடாளுமன்றம் நீக்கியதும் அதே 'தார்மிகத் தகுதியின்மை'யைச் சொல்லித்தான். பனியாகுவா வந்தபோது ஓடிப்போனவர் விட்டுச்சென்ற நாற்காலி காலியாகக் கிடந்தது. மெரினோ விஷயத்தில், நாற்காலியைக் காலி செய்த நாடாளுமன்றத்தின் தலைவரே அதில் ஏறி உட்கார்ந்தார். அதுவும் கொரோனா காலத்தில், அடுத்த தேர்தலுக்கு ஐந்து மாதமே இருக்கும்போது. மக்கள் தெருவுக்கு வந்தார்கள். நவம்பர் 14 இரவு லிமாவில் இரண்டு இளைஞர்கள் உயிரிழந்தார்கள். மறுநாளே மெரினோ விலகினார்.

இப்போது நீங்கள் சொல்லும் கையெழுத்துக்கு வருகிறேன். 2001 ஜூனில், பதவி முடிய இரண்டு மாதம்கூட இல்லாத நிலையில், பனியாகுவா உண்மை அறியும் ஆணையம் ஒன்றை அமைத்தார். 1980 முதல் 2000 வரை 'ஒளிரும் பாதை' என்ற மாவோயிஸ்ட் கெரில்லாக்களும் ராணுவமும் நடத்திய கொலைகளை அது விசாரிக்க வேண்டும். அந்த இருபது ஆண்டில் முதல் ஐந்து ஆண்டு ஆண்டது யார்? பனியாகுவாவின் சொந்தக் கட்சி. அவருடைய தலைவர் பெலாவுண்டே அதிபராக இருந்தார். மலைக் கிராமங்களில் சாவு உச்சத்தில் இருந்த 1984இல் பனியாகுவாவே அந்த அமைச்சரவையில் கல்வி அமைச்சர். தான் உட்கார்ந்திருந்த அரசையும் விசாரிக்கச் சொல்லித்தான் அவர் கையெழுத்துப் போட்டார். வரப்போகிறவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அப்படி விட்டிருந்தால் அது நடந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். 2001 அதிபர் தேர்தலில் இரண்டாம் சுற்று வரை வந்து தோற்ற முன்னாள் அதிபர் ஆலன் கார்சியாவின் முதல் ஆட்சியும் அதே விசாரணைக் காலத்துக்குள் வருகிறது.

அந்தத் தேர்தலில் வென்று அடுத்த அதிபராக வந்த தொலேதோ அந்த ஆணையத்தை விரிவாக்கினார். 2003 ஆகஸ்டில் அறிக்கை வந்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சுமார் 69,280 பேர் என்று அது மதிப்பிட்டது. நான்கில் மூன்று பேர் கெச்சுவா போன்ற பழங்குடி மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். ஸ்பானிஷ் பேசும் லிமாவுக்குத் தங்கள் நாட்டில் இத்தனை பேர் செத்தார்கள் என்பதே அதுவரை தெரியாது. அந்த ஒரு கையெழுத்துக்காகவே அவருடைய எட்டு மாதத்தை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

2001 தேர்தலில் அவர் நிற்கவில்லை. சொன்ன தேதியில், ஜூலை 28 அன்று, பதவியை ஒப்படைத்துவிட்டுப் போனார். 2006இல்தான் வாக்குக் கேட்டு வந்தார். நூற்றுக்கு ஆறு பேர்கூடப் போடவில்லை, ஐந்தாம் இடம். அதே ஆண்டு அக்டோபரில் காலமானார். அந்தத் தோல்வியை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

அன்புடன்